காய்ச்சல் விட்ட பிறகு

குழந்தைக்குத் தட்டம்மையோ சின்னம்மையோ சாதாரணச் சளிக்காய்ச்சலோ வந்து, காய்ச்சல் விட்டு, பசியெடுத்து, விளையாடவும் தொடங்கிய பின் மூளையில் கிளம்பும் அழற்சி ஒன்று உண்டு. மறுபடியும் காய்ச்சலடிக்கும், தலைவலியும் வாந்தியும் வரும். பிறகு குழந்தை எந்நேரமும் உறங்கி வழியும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லும், நடந்தால் தள்ளாடும். ஒரு பக்கக் கைகால் சோர்ந்துபோகலாம், பார்வை மங்கலாம், வலிப்பு வரலாம். மூளைத் திசுவில் தேடினால் வைரஸ் பெரும்பாலும் அகப்படுவதில்லை. வைரஸை விரட்டத் திரண்ட உடலின் தடுப்பாற்றல், வந்த வேலை முடிந்தும் ஓயாமல், நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற கொழுப்புறையைத் தாக்குவதால் வருவது இது. இதன் முதன்மையான வடிவத்தை 'அக்யூட் டிசெமினேட்டட் என்செபலோமயலைட்டிஸ்' என்று மருத்துவ நூல்கள் குறிக்கின்றன. மருத்துவமனைப் பேச்சில் சுருக்கமாக 'ஏடெம்'. மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே சிதறித் தோன்றும் திடீர் அழற்சி என்பது பெயரின் பொருள்.

காய்ச்சலுக்கும் மூளை நோய்க்கும் நடுவில் விழும் அந்தச் சில நாள் இடைவெளிதான் இந்த நோயை மருத்துவர்களுக்கு முதலில் அடையாளம் காட்டியது. ஆனால் அந்த இடைவெளிக்கு என்ன பொருள் என்று விளங்க ஏறத்தாழ இருநூறு ஆண்டு ஆயிற்று.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகர அறுவை மருத்துவர் ஜேம்ஸ் லூக்கஸ் 1790இல் ஒரு குறிப்பை அச்சிட்டார். தட்டம்மைத் தடிப்பு மறையும் வேளையில் ஓர் இளம்பெண்ணுக்குக் கால்கள் செயலிழந்ததையும் சிறுநீர் கழிக்க முடியாமல் போனதையும் அதில் பதிவு செய்தார். அம்மையைத் தொடர்ந்து நரம்பு மண்டலம் பாதிக்கப்படுவதைத் தெளிவாகச் சொன்ன முதல் பதிவுகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் இத்தகைய குறிப்புகள் பெருகின. பெர்லினில் கார்ல் வெஸ்ட்பால் பெரியம்மைக்குப் பின் வரும் தள்ளாட்டத்தை எழுதினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் குழந்தை மருத்துவர் ஃபிரெடெரிக் பேட்டன் தொற்றுநோய்க்குப் பின் குழந்தைகளுக்கு வரும் நடைத் தடுமாற்றத்தை வகைப்படுத்தினார். எல்லோரும் ஒரே வரிசையைத்தான் கண்டார்கள்: முதலில் தடிப்பு, பிறகு தெளிவு, அதன் பிறகே மூளை. அம்மைக் கிருமி மூளைக்கு ஏறிவிட்டது என்பதுதான் எல்லோருக்கும் தோன்றிய விளக்கம்.

தமிழ்நாட்டுத் தாய்மாரும் இந்த வரிசையைப் பார்த்திருக்கவே வேண்டும். தட்டம்மையில் தடிப்பு தோன்றிய நாலிலிருந்து எட்டு நாளுக்குள்ளும், சின்னம்மையில் ஐந்திலிருந்து பத்து நாளுக்குள்ளும் மூளைக் கோளாறு தலைகாட்டும். அம்மை இறங்கிவிட்டது என்று வேப்பிலையும் மஞ்சளும் கலந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்களும் ஏறத்தாழ அவைதான். அம்மனை நல்லபடியாக வழியனுப்பிவைத்த வீட்டில், ஓரிரு நாளில் பிள்ளை நிற்க முடியாமல் சாய்ந்தால், வீட்டார் அதை அம்மையின் மிச்சமென்றோ தண்ணீர் ஊற்றியதில் நேர்ந்த பிசகென்றோ எண்ணுவது இயல்பே. அன்று ஐரோப்பிய மருத்துவத்திடமும் இதைவிட மேலான விளக்கம் இருக்கவில்லை.

புதிரை அவிழ்க்கும் முதல் நூல்முனை அம்மையிலிருந்து வரவில்லை. வெறிநாய்க்கடி மருத்துவத்திலிருந்து வந்தது. 1885 ஜூலை 6ஆம் தேதி பாரிஸில் லூயி பாஸ்டர், அல்சாஸ் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் சிகிச்சையைத் தொடங்கினார். வெறிநோய் கண்டு இறந்த முயலின் தண்டுவடத்தை உலர்த்திக் குழம்பாக்கி, பத்து நாளில் 13 ஊசிகள் போடப்பட்டன. சிறுவன் பிழைத்தான். சில ஆண்டுகளில் உலகின் பல நகரங்களில் பாஸ்டர் நிலையங்கள் எழுந்தன. மரணம் உறுதி என்றிருந்த ஒரு நோயிலிருந்து ஆயிரக்கணக்கானோர் தப்பினர்.

ஆனால் 1880களின் இறுதியிலேயே கலக்கம் தரும் செய்திகளும் வரத் தொடங்கின. ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு, சிகிச்சை தொடங்கிய இரண்டு வார அளவில், கால்கள் செயலிழந்தன. சிலருக்கு மூளை அழற்சி கண்டது. வெறிநோயே தலைதூக்கிவிட்டதென்று முதலில் அஞ்சினர். ஆனால் அவர்களில் பலர் பிழைத்தெழுந்தார்கள். வெறிநோய் கண்டவர் பிழைப்பதில்லை. கடித்த நாய்க்கு வெறியே இல்லை என்று பின்னர் தெரியவந்தவர்களுக்கும் இதே பாதிப்பு நேர்ந்தது. பால் ரெம்லிங்கர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1905லேயே இந்த 'நரம்பு விபத்து'களைத் தொகுத்து எழுதினார். ஊசியில் இருந்த பதப்படுத்திய வைரஸ்தான் காரணம் என்றனர் ஒரு சாரார். ஏதோ ஒரு நஞ்சு என்றனர் இன்னொரு சாரார். வைரஸோடு கலந்திருந்த மூளைத் திசுவே காரணமாக இருக்கலாம் என்று எண்ணியவர்கள் சிலரே.

இந்தக் கதை நீலகிரிக்கும் வருகிறது. இந்தியாவின் முதல் பாஸ்டர் நிலையம் 1900இல் இமயமலை அடிவாரத்துக் காசௌலியில் தொடங்கியது. தெற்கே வெறிநாய் கடித்தவர்கள் அவ்வளவு தூரம் ரயிலேறிப் போக வேண்டியிருந்தது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் தந்த நன்கொடையின் உதவியால் 1907இல் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. காசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள் 1911இல் புதிய தயாரிப்பு ஒன்றை வெளியிட்டார்: வெறிநோய் வைரஸ் ஏற்றிய விலங்கின் மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் வைரஸைக் கொன்று செய்த கரைசல். ஆட்டு மூளையிலிருந்து குறைந்த செலவில் நிறையத் தயாரிக்கலாம், புட்டியில் அடைத்து அனுப்பலாம், சிற்றூர் மருத்துவமனையிலும் போடலாம். அதனால் இந்தியாவில் மட்டுமின்றி ஆசியா, ஆப்பிரிக்கா முழுவதும் அது பரவியது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று தமிழ்நாட்டில் இரண்டு மூன்று தலைமுறைப் பிள்ளைகளை நடுங்க வைத்தது இந்த மருந்துதான்.

அந்த ஊசி எண்ணற்ற உயிர்களைக் காத்தது. அதே ஊசி சிலருக்கு மூளையிலும் தண்டுவடத்திலும் அழற்சியை உண்டாக்கியது. தொகுப்பும் நாடும் சார்ந்து கணக்கு மாறினாலும், சில நூறு பேரில் ஒருவர் முதல் ஆயிரத்து அறுநூறு பேரில் ஒருவர் வரை இந்தப் பாதிப்புக்கு ஆளாயினர். வளர்ந்தவர்களைவிடச் சிறு குழந்தைகளுக்கு இது குறைவாகவே வந்தது என்பது ஒன்றே ஆறுதல். செம்பிள் தடுப்பூசியில் இருந்தது கொல்லப்பட்ட வைரஸ். ஆகவே உயிருள்ள வைரஸ்மேல் பழிபோட வழியில்லை. நாள்தோறும் வயிற்றுத் தோலுக்குக் கீழே செலுத்தப்பட்ட ஆட்டு மூளையில் மயலின் நிறைந்திருந்தது. ஆட்டின் மயலினுக்கு எதிராகப் பயின்ற தடுப்பாற்றல், அதைப் போலவே இருக்கும் மனித மயலினையும் வேற்றுப்பொருளாகக் கொண்டது. இன்று இப்படி இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அன்று இதை நம்புவதற்கு ஒரு பெரிய கோட்பாடு தடையாக நின்றது.

தடுப்பாற்றல் இயலின் முன்னோடிகளில் ஒருவரான ஜெர்மானியர் பால் எர்லிக், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உடல் தன்னைத்தானே தாக்கிக்கொள்ளாது, அதற்கு இயற்கையே அரண் வைத்திருக்கிறது என்று கூறினார். அந்த அரண் எப்போதாவது உடையக்கூடும் என்ற நுணுக்கம் அவர் எழுத்தில் இருந்தது. பின்வந்தவர்கள் நுணுக்கத்தை விட்டுவிட்டு விதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஊசிக்குப் பின்னான வாதங்களும் அம்மைக்குப் பின்னான மூளை அழற்சியும் கண்ணெதிரே இருந்தும், அவற்றை ஒரே நூலில் கோக்க அடுத்த முப்பது ஆண்டுகள் பெரும்பாலோர் துணியாததற்கு இந்த விதி பெருமளவு பொறுப்பு.

1920களில் பெரியம்மைத் தடுப்பூசியே கேள்விக்குள்ளானது. இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும், அம்மை குத்தப்பட்ட பத்துப் பன்னிரண்டு நாளில் குழந்தைகள் மூளை அழற்சி கண்டு இறந்தார்கள். லண்டனில் டர்ன்புல், மெக்கின்டாஷ் என்ற இரு நோயியலாளர்கள் 1926இல் அந்த மூளைகளை ஆய்ந்து எழுதினர். நெதர்லாந்து அரசு 1928இல் கட்டாய அம்மைக்குத்தலைத் தற்காலிகமாக நிறுத்தியது. கைக்குழந்தைப் பருவத்தில் குத்தப்பட்டவர்களுக்கு ஆபத்து குறைவு, பள்ளி வயதில் முதன்முறை குத்தப்பட்டவர்களுக்கு அதிகம் என்பது அப்போதுதான் தெரியவந்தது. அதைவிட முக்கியமானது நுண்ணோக்கியில் தெரிந்த காட்சி. மூளையின் சிறு சிரைகளைச் சுற்றி, சட்டை உறை போலத் தடுப்பணுக்கள் மொய்த்திருந்தன. அந்த வட்டத்துக்குள் மட்டும் மயலின் கரைந்துபோயிருந்தது. நரம்பிழை பெரும்பாலும் அப்படியே இருந்தது. தட்டம்மைக்குப் பின் இறந்த குழந்தையின் மூளையிலும் அதே காட்சி. வெறிநாய்க்கடி ஊசிக்குப் பின் இறந்தவர் மூளையிலும் அதே. வெவ்வேறு மூன்று காரணங்களிலிருந்து ஒரே சேதம் வருமானால், சேதத்தைச் செய்வது அந்த மூன்றும் அல்லாத நான்காவது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த நான்காவதைத் தேடியவர் நியூயார்க் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தின் தாமஸ் ரிவர்ஸ். வைரஸ் ஆய்வில் அந்நாளில் அவருக்கு நிகரானவர் அமெரிக்காவில் அரிது. வைரஸ்தான் காரணம் என்று அவர் முடிவுகட்டியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அவர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். எந்த வைரஸும் இல்லாத, நோயற்ற முயலின் மூளைத் திசுவைக் குரங்குகளுக்கு மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப ஊசி வழியே செலுத்தினார். 1933இல் ஸ்பிரண்ட், பெர்ரி ஆகியோருடன் வெளியிட்ட கட்டுரையில் எட்டுக் குரங்குகளில் இரண்டுக்கு வாதம் கண்டதைச் சொன்னார். 1935இல் ஃபிரான்சிஸ் ஷ்வென்ட்கருடன் மறுபடி செய்தபோது எட்டில் ஏழு பாதிக்கப்பட்டன. குரங்கு மூளைகளில் வைரஸைத் தேடினார்; கிடைக்கவில்லை. சிரைகளைச் சுற்றி அதே அணுக்கள், அதே மயலின் இழப்பு. மனிதர்களிடம் தற்செயலாக நேர்ந்துகொண்டிருந்ததை ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே செய்துகாட்டிய முதல் சோதனைத்தொடர் இது. இந்த நோயின் வரலாற்றில் ஒரே ஒரு சோதனையை நினைவில் வைக்க வேண்டுமானால் இதைத்தான் வைக்க வேண்டும்.

அதன்பின் பாதை விரைவாயிற்று. ஜூல்ஸ் ஃபிராய்ண்ட் கண்டறிந்த, தடுப்பாற்றலைத் தூண்டும் எண்ணெய்க் கலவையோடு மூளைத் திசுவைச் சேர்த்தால், மாதக்கணக்கில் ஊசி தேவையில்லை, ஓரிரு ஊசியே போதும் என்று எல்வின் கேபட் குழுவினரும், தனியாக இசபெல் மோர்கனும் 1940களின் பிற்பகுதியில் காட்டினார்கள். பிலிப் பேட்டர்சன் 1960இல் இன்னும் ஒரு படி போனார்: நோயுற்ற எலியின் நிணநீர் முடிச்சு அணுக்களை எடுத்து நல்ல எலிக்குச் செலுத்தினார், நல்ல எலியும் நோயுற்றது. கடத்தப்பட்டது கிருமி அன்று. பயிற்சி பெற்ற தடுப்பணு. எர்லிக் விதியின் தடை அதோடு விலகியது.

எத்தனை குழந்தைகளுக்கு வருகிறது என்ற கேள்விக்கு 1956இல் இங்கிலாந்தின் நியூகாசில் மருத்துவர் ஹென்றி மில்லரும் உடனிருந்தவர்களும் விரிவான ஆய்வொன்றைத் தந்தார்கள். தட்டம்மை கண்ட ஆயிரம் பேரில் ஒருவர், சின்னம்மையில் பத்தாயிரம் பேரில் ஒருவர், ரூபெல்லாவில் இருபதாயிரம் பேரில் ஒருவர் என்ற அளவில் பின்னாளைய பாடநூல்கள் இந்தக் கணக்கைச் சொல்கின்றன. தட்டம்மைக்குப் பின் வருவதே மிகக் கொடியது. பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு வலிப்போ அறிவு வளர்ச்சிக் குறைவோ கைகால் முடக்கமோ தங்கிவிட்டது. சின்னம்மைக்குப் பின் வரும் தள்ளாட்டம் பெரும்பாலும் சில வாரங்களில் தானே தீர்ந்துவிடும். ஆயிரத்தில் ஒருவர் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை வந்துபோன காலம் அது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அதன் சுமை விளங்கும்.

தட்டம்மை வைரஸ் உண்மையிலேயே மூளைக்குள் இல்லையா என்ற ஐயம் 1980கள் வரை நீடித்தது. அதைத் தீர்த்தது தென்னமெரிக்காவின் பெரு நாட்டுத் தலைநகர் லிமா. அங்கே தட்டம்மை ஓயாமல் பரவிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜான்சனும் டயான் கிரிஃபினும் லிமா மருத்துவர்களோடு சேர்ந்து ஆய்ந்து 1984இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூளை அழற்சி கண்ட நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரின் இரத்த வெள்ளணுக்கள், மயலினின் அடிப்படைப் புரதத்தைக் கண்டதும் கிளர்ந்தெழுந்தன. இறந்தவர்களின் மூளையில் வைரஸின் தடயம் கிட்டவில்லை. மூன்றாண்டு கழித்து, 1987இல், பாங்காக்கின் திராவத் ஹேமாசுதாவும் அவருடன் இருந்தவர்களும், செம்பிள் ஊசிக்குப் பின் நோயுற்றவர்களின் இரத்தத்திலும் தண்டுவட நீரிலும் அதே புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கண்டார்கள். லூக்கஸின் நோயாளியையும் பாஸ்டர் நிலையங்களின் 'விபத்து'களையும் பிரித்த சுவர் அங்கே இடிந்தது.

தட்டம்மையே மூளையில் ஒளிந்திருந்து பல ஆண்டு கழித்துப் படிப்படியாக மூளையை அழிக்கும் எஸ்.எஸ்.பி.ஈ. என்ற நோயும் உண்டு. அது வேறு, அங்கே வைரஸ் மூளையிலேயே இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

காரணம் விளங்கியதும் இரண்டு வழிகள் திறந்தன. முதலாவது, மூளைத் திசு கலவாத தடுப்பூசி. பிறந்த சில நாளேயான எலிக்குஞ்சின் மூளையில் மயலின் மிகக் குறைவு என்பதால், சிலியில் ஃபுவென்ஸலிடாவும் பாலாசியோஸும் 1955இல் அதைக் கொண்டு வெறிநாய்க்கடி ஊசி தயாரித்தார்கள்; நரம்பு விபத்துகள் குறைந்தன, ஆனால் ஒழியவில்லை. வளர்ப்பு உயிரணுக்களில் தயாரித்த ஊசியால்தான் அவை ஒழிந்தன. ஈரானில் வெறிகொண்ட ஓநாய்களும் நாய்களும் கடித்த 45 பேருக்கு அந்த ஊசி போடப்பட்டு, ஒருவரும் வெறிநோயால் இறக்கவில்லை என்ற செய்தி 1976இல் வெளியானது. அதற்குப் பிறகும் இந்தியாவில் ஆட்டு மூளை ஊசி இருபத்தெட்டு ஆண்டுகள் நீடித்தது. கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்திய பின்னும், விலை குறைவு என்ற காரணத்தால், அரசு மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு அதுவே கிடைத்தது. காசுள்ளவர்கள் கையில் போடும் புதிய ஊசியை வெளியே வாங்கினார்கள். 2004 டிசம்பரில்தான் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. தவிர்த்திருக்கக்கூடிய வாதங்கள் அந்த ஆண்டுகளில் நேர்ந்தன என்பதை மறைப்பதற்கில்லை.

இரண்டாவது வழி, சிகிச்சை. தாக்குவது கிருமியாக இருந்தால் தடுப்பாற்றலை அடக்குவது ஆபத்து. தாக்குவது தடுப்பாற்றலேயானால் அதை அடக்குவதுதான் மருந்து. அழற்சியைத் தணிக்கும் கார்டிசோன் 1940களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தது. 1950களின் தொடக்கத்திலேயே, அதையொத்த சுரப்பை உடலிலேயே தூண்டும் ஏ.சி.டி.எச். மருந்தை இந்நோயில் முயன்றவர்களில் நியூகாசில் மில்லரும் ஒருவர். இன்று மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை மூன்றிலிருந்து ஐந்து நாள் வரை இரத்தநாளம் வழியே செலுத்துவது வழக்கம். அதற்கு இணங்காத குழந்தைகளுக்கு இம்யூனோகுளோபுலின் ஏற்றுகிறார்கள். இரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுகிறார்கள். உணர்விழந்து கிடந்த குழந்தை சில நாளில் தாயை அடையாளம் கண்டு பேசுவது இந்நோயில் அரிய காட்சியல்ல.

1980களில் வந்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அதுவரை பிணப் பரிசோதனையில் மட்டும் தெரிந்த திட்டுகளை உயிருள்ள குழந்தையின் மூளையில் காட்டியது. பெரிய, ஓரம் மங்கலான வெண்திட்டுகள். பிற்காலத்தில் தொடர்நோயாகும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸிலிருந்து இதைப் பிரித்தறிய அவை உதவின. குழந்தைகளுக்கான பன்னாட்டு ஆய்வுக்குழு 2007இல் வகுத்து 2013இல் திருத்திய வரையறை, காய்ச்சலால் மட்டும் விளக்க முடியாத மூளைக் குழப்பம் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. மூன்று மாதத்துக்குப் பின் புதிய சேதம் எதுவும் தோன்றக் கூடாது என்பதும் அதன் நிபந்தனை.

2000களின் பிற்பகுதியிலிருந்து நோயின் முகம் இன்னும் தெளிவானது. மயலின் உறையின் வெளிப்புறத்தில் மாக் என்ற புரதம் இருக்கிறது. ஏடெம் கண்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரின் இரத்தத்தில் அதற்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறது. பெரும்பாலானோரிடம் அது சில மாதங்களில் மறைகிறது. தங்கிவிடுபவர்களுக்கு நோய் திரும்ப வரலாம், கண் நரம்பு பாதிக்கப்படலாம். 2023இல் இதற்குத் தனி நோயறி விதிகளே வெளியாயின. ஒரு காலத்தில் தட்டம்மையின் பின்விளைவு என்று மட்டும் அறியப்பட்ட நோய், தட்டம்மை அருகிய நாடுகளிலும் ஏன் தொடர்கிறது என்பதற்கும் விடை கிடைத்தது. சளிக்காய்ச்சல், டெங்கு, சிக்குன்குனியா, கோவிட் என எதுவும் பொறியாக அமையலாம். பற்றிக்கொள்வது உடலுக்குள் இருக்கும் ஒன்று.

மயலினை விட்டு நரம்பணுவையே குறிவைக்கும் வகை 2007இல் அடையாளம் காணப்பட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹோசப் டால்மாவ், நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் என்.எம்.டி.ஏ. ஏற்பியைத் தாக்கும் எதிர்ப்பொருளைக் கண்டார். முதலில் சூலகக் கட்டி உள்ள இளம்பெண்களிடம் தெரிந்த இந்நோய், கட்டி ஏதுமில்லாத குழந்தைகளிடமும் நிறைய இருப்பது இரண்டே ஆண்டில் வெளிப்பட்டது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று கத்துகிறது, கடிக்கிறது, உறங்க மறுக்கிறது. பிறகு பேச்சு நின்றுபோகிறது, வாயும் கைகளும் தாமாக அசைகின்றன. பேய் பிடித்ததென்றும் மனநோயென்றும் கொண்டுபோய்க் காட்டப்பட்ட குழந்தைகளில் எத்தனை பேருக்கு இந்நோய் இருந்திருக்கும் என்று எண்ணினால் நெஞ்சு கனக்கும். கலிபோர்னியாவின் மூளை அழற்சித் திட்டம், முப்பது வயதுக்கு உட்பட்டவர்களிடம் தனித்தனி வைரஸ் எதைக்காட்டிலும் இந்நோயே அதிகம் என்று 2012இல் அறிவித்தது. எதிர்ப்பொருள் ஏற்பியை அணுவின் உள்ளே இழுத்துவிடுகிறதே தவிர அணுவை உடனே கொல்வதில்லை. அதனால் மீட்சிக்கு இடமுண்டு. 577 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியான ஆய்வில், இரண்டாண்டு முடிவில் ஐந்தில் நால்வர் நல்ல நிலைக்குத் திரும்பியிருந்தனர்.

இங்கே பழைய இடைவெளி புது வடிவில் மீண்டும் வருகிறது. ஹெர்ப்பிஸ் வைரஸ் மூளையை நேரடியாகத் தாக்கக்கூடியது. 1980களில் வந்த அசைக்ளோவிர் மருந்து அதிலிருந்து உயிர்காத்தது. ஆனால் குணமாகி வீடு திரும்பிய சில குழந்தைகள் இரண்டு மூன்று வாரத்தில் கைகால் முறுக்கி ஆடும் நிலையில் திரும்பக் கொண்டுவரப்பட்டார்கள். வைரஸ் மீண்டும் தலைதூக்கியதென்று எண்ணி அசைக்ளோவிரையே மறுபடி கொடுத்தார்கள், பலனில்லை. பார்சிலோனாவில் தைஸ் அர்மாங்கேயும் டால்மாவும் மற்றவர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஹெர்ப்பிஸ் மூளை அழற்சியிலிருந்து மீண்ட 51 பேரில் 14 பேருக்குத் தன்னெதிர்ப்பு மூளை அழற்சி வந்தது. அதுவும் மூன்று மாதத்துக்குள். வைரஸ் சிதைத்த நரம்பணுக்களிலிருந்து வெளியே சிந்திய புரதங்களைத் தடுப்பாற்றல் முதன்முதலாகக் கண்டு, அவற்றையும் எதிரியாகப் பழகிக்கொள்கிறது என்பதே இப்போதைய விளக்கம். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குப் பின்னும் இதே நோய் வருவதாகச் சீனாவிலிருந்து பதிவுகள் உள்ளன. இந்தியாவில் அந்தக் காய்ச்சல் முதன்முதலில் 1955இல் கண்டறியப்பட்ட இடம் வேலூர். தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

இந்த வரலாறு முழுவதிலும் தடுப்பூசி மருந்தாகவும் காரணமாகவும் மாறி மாறி வருவதால், அச்சம் விளைவது இயல்பே. எலி மூளையில் தயாரான மூளைக்காய்ச்சல் ஊசிக்குப் பின் ஒரு சிறுமிக்குக் கடுமையான ஏடெம் வந்ததால், ஜப்பான் 2005இல் அந்த ஊசிக்கான பரிந்துரையை நிறுத்திவைத்தது. ஊசிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லச் சான்றில்லை என உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக்குழு கருதியபோதும், உயிரணு வளர்ப்பில் தயாரான புதிய ஊசி வரும்வரை பொறுத்திருந்தார்கள். தட்டம்மை ஊசியின் கதை வேறு. அதில் மூளைத் திசு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தட்டம்மையால் ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு வரும் மூளை அழற்சி, ஊசிக்குப் பின் பத்து லட்சத்தில் ஓரிருவருக்கு மேல் பதிவாகவில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகம், கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது கைப்பேசி வழியே பரவிய வதந்திகளால் சில பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாதிருந்தார்கள். இந்த நோயைத் தடுக்க மனிதரிடம் இன்றுள்ள மிக உறுதியான வழியை அவர்கள் மறுத்தார்கள் என்பதே உண்மை.

இருநூறாண்டுத் தேடலில் கிடைத்தவற்றுள் வீட்டில் இருப்பவர்களுக்குப் பயன்படுவது அந்தச் சில நாள் இடைவெளிதான். அம்மையோ காய்ச்சலோ வந்துபோன குழந்தை, அடுத்த மூன்று நான்கு வாரத்துக்குள், காரணமின்றி உறங்கி வழிந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பார்வை மங்கினாலோ, பேச்சும் நடத்தையும் மாறினாலோ, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மருத்துவரிடம் இப்போதைய தொல்லையோடு, வந்து போய்விட்ட அந்தக் காய்ச்சலையும் அது வந்த நாளையும் சொல்ல வேண்டும்.